90 நாள் கெடுவை எடுத்துவிடுங்கள்

பல்கலைக்கழகக் கணினி மையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். "இன்னும் 7 நாட்களில் உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிறது, மாற்ற இங்கே கிளிக் செய்யவும்" என்ற உங்கள் மெயில் மறுபடியும் வந்திருக்கிறது. பணியாளர்களின் பாஸ்வேர்டைத் திருட நினைப்பவர்கள் அனுப்பும் மெயிலும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் நீங்கள்தான், இதை அனுப்புவதும் நீங்கள்தான்.

மெயில், சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம், மதிப்பெண் பதிவேற்றம், நூலகம் வாங்கித்தரும் ஆய்விதழ்கள், வளாக வைஃபை எல்லாவற்றுக்கும் ஒரே லாகின். அது வசதிதான், அதில் குறை இல்லை. 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் வேண்டாம் என்கிறேன்.

மாற்றச் சொன்னால் என்ன செய்வோம்? பழையதன் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவோம். 2010-இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தில் பயன்பாடு முடிந்த கணக்குகளையே எடுத்துச் சோதித்தார்கள். பழைய பாஸ்வேர்டு கையில் இருந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்துக்கும் குறைவான ஊகங்களில் பிடிக்க முடிந்தது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே இப்படிக் கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. 2025-இல் வந்த திருத்தத்தில் அதைத் தடையாகவே எழுதிவிட்டது. பாஸ்வேர்டு வெளியே போனதற்கு அறிகுறி தெரிந்தால் மட்டும் உடனே மாற்றச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

இனி வைஃபை கதை. மேசைக் கணினியில் பாஸ்வேர்டை மாற்றி முடித்திருப்போம். பைக்குள் கிடக்கும் பழைய டேப்லெட்டுக்கு அது தெரியாது. வளாகத்துக்குள் நுழைந்ததும் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வைஃபைக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் சர்வர் அதை யாரோ உடைக்கப் பார்ப்பதாக எடுத்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் லாக் செய்துவிடும். மதிப்பெண் ஏற்றக் கடைசி நாளன்று இது நடந்தால் அன்றைய பொழுது போச்சு. உதவி மையத்துக்குப் போன் செய்தால், "உங்கள் அலுவலக மெயிலிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்புங்கள்" என்பார்கள். அந்த மெயில்தானே லாக் ஆகியிருக்கிறது! வைஃபைக்கு ஒவ்வொரு சாதனத்துக்கும் அதை அடையாளம் காட்டும் தனி டிஜிட்டல் சான்றிதழ் கொடுத்துவிட்டால் பாஸ்வேர்டுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. லாக்கை விடுவிக்கும் வழியும் நாங்கள் முன்பே பதிந்த சொந்த மெயிலுக்கோ போனுக்கோ வரவேண்டும்.

பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள், வரவேற்கிறேன். ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபியோடு நிறுத்திவிடாதீர்கள். நம் போன் எண்ணை வேறொருவர் ஏமாற்றித் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் ஓடிபியும் அவருக்கே போகும். 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆப் வகைக்கு சிக்னலே தேவையில்லை. தரைத்தள ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். போன் தொலைந்தால் பயன்படுத்த, அச்சிட்டு வைத்துக்கொள்ளும் மாற்று எண்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒப்பந்த விரிவுரையாளர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளின் நள்ளிரவில் அவர்கள் கணக்கு அடைபடுகிறது. விடைத்தாள் திருத்தும் வேலை அதற்குப் பிறகும் பாக்கி இருக்கும். அடுத்த பருவத்தில் அதே ஆளுக்குப் புதுக் கணக்கு திறக்கிறீர்கள். பழைய பாடக்குறிப்புகளும் மாணவர்களின் கடிதங்களும் பழைய கணக்கோடு போய்விடுகின்றன. ஆய்விதழுக்குக் கொடுத்த மெயில் முகவரியும் செத்துப்போகிறது. முன்கூட்டியே ஓர் அறிவிப்பு, கோப்புகளை எடுத்துக்கொள்ளச் சில வாரம், வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி. இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய உங்களிடம் ஆள் பலம் இல்லை என்பது தெரியும். அடுத்த மதிப்பெண் பதிவேற்றத்துக்கு முன் 90 நாள் கெடுவையும் அந்த வைஃபை லாக்கையும் மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லாகினில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர்