முதலில் உனக்கு, அப்புறம் தங்கைக்கு

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நான் அட்டிகைப் பேச்சை எடுத்ததுமே, "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று போனை வைத்துவிட்டாய். கோபமில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

நீ இருக்கும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில், ராபர்ட் டி லைல் என்ற பிரபுவின் சங்கீதப் புத்தகம் இருக்கிறது. பாட்டு வகுப்புச் சங்கீதம் இல்லை, பைபிளில் வருவது. அதில் ஒரு பக்கத்தில், இடது பாதியில் கிரீடம் வைத்த மூன்று ராஜாக்கள். ஒருவர் கையில் வேட்டை வல்லூறு. வலது பாதியில் அவர்களைப் பார்த்தபடி மூன்று பிணங்கள், நின்றுகொண்டு! மேலே அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஆளுக்கொரு வரி. "பயமாக இருக்கிறது" என்கிறார் முதல் ராஜா. மூன்றாமவருக்கு எதிரே நிற்பவை பேய்கள் என்று தோன்றுகிறது. பிணங்களில் ஒன்று, "நானும் நல்ல அழகாகத்தான் இருந்தேன்" என்கிறது. எனக்கு அந்த வரிதான் மனதைவிட்டுப் போகவில்லை. மிரட்டல் மாதிரியே இல்லை, பழைய போட்டோவைக் காட்டிப் பேசுகிற பாட்டி மாதிரி இருக்கிறது.

இப்படிப்பட்ட படங்களெல்லாம் ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக் கொள்ளைநோய்க்குப் பிறகு வந்தவை என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். தப்பு. இங்கிலாந்துக்குள் அந்த நோய் நுழைந்தது 1348இல். இந்தப் புத்தகமோ 1339இலேயே கைமாறிவிட்டது. மூன்று பிணங்களின் கதை அதற்கும் முந்தைய நூற்றாண்டிலிருந்தே பிரெஞ்சுப் பாட்டாக இருந்திருக்கிறது. அந்தப் பாட்டையும் இதே பக்கத்தில் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்.

1339 என்று எப்படித் தெரியும் என்பாய். ராபர்ட்டே தன் கைப்பட அதில் எழுதி வைத்திருக்கிறார்: இந்தப் புத்தகத்தை என் ஆசியோடு மகள் ஆடெருக்குத் தருகிறேன், அவளுக்குப் பின் அவள் தங்கை ஆல்பொரோவுக்கு, எல்லோருக்கும் பிறகு சிக்சாண்ட்ஸ் கன்னியர் மடத்துக்கு. மனைவி போன பிறகு பிரான்சிஸ்கன் துறவியாகி, 1344இல் இறந்துபோனார். மகள்களுக்குப் பிணப் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்த மனுஷன்! அந்தப் பெண்கள் "இதெல்லாம் எதுக்குப்பா" என்று கேட்டார்களோ என்னவோ.

சரி. நானும் அட்டிகைக்கு ஒரு சீட்டு எழுதி லாக்கர் சாவியோடு வைத்திருக்கிறேன். முதலில் உனக்கு, அப்புறம் தங்கைக்கு. அவளிடம் சொல்லிவிட்டேன், சிரித்தாள். கொக்கி தளர்ந்திருக்கிறது. பொங்கலுக்கு நீ வரும்போது ஆசாரியிடம் காட்டிவிடலாம்.

அன்புடன்,
அம்மா