இரண்டு கையிலும் பிபி பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மாரடைப்புக் கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் ஈசிஜி சரியாக இருந்தால் பயப்படத் தேவையில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தது எங்களுக்கு ஒப்பவில்லை. என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஆடியில் ஒருநாள் விடியற்காலை, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வலி என்று எழுந்து உட்கார்ந்தார். "முதுகுக்குள்ள யாரோ வேட்டியைக் கிழிக்கிற மாதிரி இருக்குடா" என்றார். பக்கத்து மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றுமில்லை, வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வேர்த்துக் கொட்டியது. இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அம்மா வலது கையில் பிபி பார்த்தார்: 180. என்ன தோன்றியதோ, பட்டையைக் கழற்றி இடது கையில் சுற்றினார்: 130. அப்புறம்தான் சிடி ஸ்கேன். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது.

அந்தக் குழாய்க்கு மூன்றடுக்குச் சுவர். உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து தனிப்பாதை போட்டுக்கொண்டு போகும். வழியில் கைக்கோ மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ பிரியும் கிளையை அடைத்துவிடும். இரண்டு கைக்கும் இரண்டு கணக்கு வந்தது இதனால்தான். இதயத்தை ஒட்டிக் கிழிந்திருந்தால் உடனே அறுவை சிகிச்சைதான். ஆரம்ப நேரத்தில் தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கு ஒருவர், இருவர் என்று போய்விடுகிறார்கள். முதுகுப் பக்கம் இறங்கும் பகுதியில் மட்டும் கிழிசல் என்றால் பெரும்பாலும் மருந்தால் பிபியையும் நாடித்துடிப்பையும் இறக்கிச் சமாளிப்பார்கள், தேவைப்பட்டால் தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பார்கள். இதை மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் ஆளே போய்விடலாம். ஈசிஜியோடு விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதற்குத்தான்.

அண்ணனுக்குக் கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து டேக்ரான் என்கிற பாலியெஸ்டர் துணியில் செய்த குழாயை வைத்துத் தைத்தார்கள். 1950-களில் அந்தத் துணியை வாங்கி வந்து தையல் மெஷினில் குழாயாகத் தைத்துப் பார்த்தவர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த டாக்டர் மைக்கேல் டிபேக்கி. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே இந்தக் கிழிசல் வந்தது. முதலில் மருத்துவமனைக்கே போக மறுத்த மனிதருக்கு, அடுத்த பிப்ரவரியில் கூட வேலை பார்த்தவர்களே அறுவை சிகிச்சை செய்தார்கள். 2008 வரை இருந்தார்.

கட்டுரை எழுதிய டாக்டர் இந்தக் கிழிசலைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினால் நன்றாக இருக்கும். பிபி மாத்திரை பற்றியும் சேர்த்து எழுதட்டும். தலைசுற்றுகிறது என்று அண்ணன் அதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது ஐசியு வாசலில் அண்ணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிரிக்காத அட்டைகள் பீரோவில் அப்படியே இருந்தன.

(பெயர் வெளியிட வேண்டாம்)
கரூர்