ஓய்வுக்கு முன்பே துணைக் காப்பீடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பணி ஓய்வை நெருங்கும் பலர், நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும் என்பதை விடைபெறும் வாரத்தில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் (அந்த நோய்களுக்கான செலவை ஏற்காத தொடக்கக் காலம்) உண்டு என்பதால், நிறுவனக் காப்பீட்டோடு கூடுதலாக நாமே எடுக்கும் துணைக் காப்பீட்டைச் சில ஆண்டுகள் முன்பே எடுத்துவிட்டால், சம்பளம் வரும் நாள்களிலேயே அந்தக் காலம் கழிந்துவிடும்.

பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய செலவை ஏற்கும் பாலிசியானால், அந்த வரம்பு மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பார்க்கப்படுமா, ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்க்கப்படுமா என்று கேட்க வேண்டும். வரம்பில் முக்கால் பங்கு அளவுக்கு ஒரே ஆண்டில் இருமுறை பில் வந்தால், முதல் வகையில் ஒரு காசும் பெயராது. இரண்டாம் வகையில் வரம்பின் பாதியளவு தொகை கிடைக்கும். பில்லில் 20 சதவீதத்தை நாமே கட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உள்ளே இருக்கலாம்.

இன்னொன்று. நான் பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவது தெரிந்தும், என் விண்ணப்பத்தில் முகவர் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் செய்து வைத்திருந்தார். பிரீமியம் குறையுமாம்! பின்னாளில் கிளெய்மை நிராகரிக்க அந்த ஒரு டிக் போதும் என்பதால், புதிய படிவம் கேட்டு வாங்கி நானே நிரப்பிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெறவிருக்கும் வாசகர்