காலியான தொகுதிக்கு ஒரு கெடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் காலமானால், பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக எஞ்சியிருப்பது போன்ற விலக்குகள் நீங்கலாக, ஆறு மாதத்திற்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். மலேசியாவில் 60 நாள்கள்தாம். சிலாங்கூரின் கோல குபு பாரு சட்டமன்ற உறுப்பினர் 2024 மார்ச்சில் மறைந்தார். மே 11ஆம் தேதி அங்கு வாக்களிப்பே முடிந்துவிட்டது. இவற்றை அயலூர்ச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் நாம், நம் சிங்கப்பூர்ச் சட்டத்தில் அத்தகைய கெடு எதுவும் இல்லை என்பதை ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரே உறுப்பினரைக் கொண்ட ஹவ்காங் தனித்தொகுதி 2012ல் காலியானபோது, அங்கு வசித்த துப்புரவுத் தொழிலாளரான திருவாட்டி வெள்ளம்மா மாரிமுத்து தொடுத்த வழக்கில்தான், இடைத்தேர்தலுக்கு நாள் குறிக்கும் பிரதமரின் அதிகாரம் வரம்பற்றதன்று, நியாயமான காலத்திற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013ல் தெளிவுபடுத்தியது. (நம் பிள்ளைகளுக்கு நாம் அதிகம் சொல்லாத வரலாறு இது.) ஆயினும் ‘நியாயமான காலம்’ எத்தனை மாதம் என்பது இன்றுவரை சட்டத்தில் எழுதப்படவில்லை. புக்கிட் பாத்தோக்கில் 2016ல் இரண்டே மாதத்திற்குள் தேர்தல் நடந்தது உண்மைதான். ஆனால் அது அரசாங்கம் விரும்பிச் செய்தது, சட்டம் வலியுறுத்திச் செய்ததன்று.

சிறுபான்மையினர் ஒருவரேனும் உள்ள அணியாகப் பல உறுப்பினர்கள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்படும் குழுத்தொகுதியின் நிலை இதனினும் கவலைக்குரியது. உறுப்பினர்கள் அனைவரும் விலகினாலொழிய அங்கு இடைத்தேர்தல் கிடையாது. அதிபர் தேர்தலில் போட்டியிடுவதற்காகத் திருவாட்டி ஹலிமா யாக்கோப் 2017 ஆகஸ்ட்டில் விலகிய பிறகு, மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியில் அவரது இடம் 2020 பொதுத்தேர்தல் வரை காலியாகவே இருந்தது. சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதியாக வேண்டும் என்பதற்காக 1988ல் கொண்டுவரப்பட்ட ஏற்பாட்டில், சிறுபான்மை உறுப்பினரின் இடமே ஏறக்குறைய மூன்றாண்டுகள் நிரப்பப்படாமல் கிடந்தது.

மற்ற உறுப்பினர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது வழக்கமான பதில். தொகுதி உறுப்பினரைச் சந்திக்க அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எண்சீட்டுடன் காத்திருக்கும் முதியவருக்கு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு (வீவக) ஒரு கடிதம் எழுதித்தர யாரேனும் வருவார்கள்தாம். ஆனால், நாடாளுமன்றத்தில் அந்த உறுப்பினர் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வியையும் அளித்திருக்க வேண்டிய வாக்கையும் பக்கத்துத் தொகுதிக்காரர் ஈடுசெய்ய இயலாது.

எனவே, தவணையின் இறுதி ஆண்டு நீங்கலாக, தொகுதி காலியான மூன்று மாதத்திற்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தலாம். குழுத்தொகுதியில் எஞ்சியிருப்போரில் சிறுபான்மையினர் எவரும் இல்லையெனில், அந்த ஓர் இடத்திற்கு மட்டும் சிறுபான்மை வேட்பாளர்களிடையே போட்டி நடத்தலாம். ஓர் இடத்துக்காகக் குழுத்தொகுதி முழுவதும் வாக்களிப்பது செலவுமிக்கதுதான் என்றாலும், அச்செலவை ஏற்பதா என்பதை நாடாளுமன்றமே விவாதிக்கட்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்