தேர்வில் தேறியவர் வார்டில் எப்படி இருக்கிறார்?

சிங்கப்பூரின் மூன்று மருத்துவப் பள்ளிகளுக்கும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்துக்கும்,

வணக்கம். மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் முன்னால் நன்றாகச் செய்யும் பிள்ளைகள், ஹவுஸ்மேனாக, அதாவது முதலாண்டுப் பயிற்சி மருத்துவராக, வார்டுக்குப் போன பிறகும் அப்படியே செய்கிறார்களா? இதைப் பின்தொடர்ந்து பார்த்து, தெரிந்ததை வெளியிடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

ஓஸ்கி என்கிற இந்தத் தேர்வு முறை 1975ல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்தது. மாணவர் அறை அறையாகப் போவார். ஒன்றில் நெஞ்சுவலி, அடுத்ததில் வயிற்றுவலி, இன்னொன்றில் கெட்ட செய்தி கேட்கக் காத்திருக்கும் குடும்பம். இத்தனை அறைகள் எதற்கு என்றால், நெஞ்சுவலிக்காரரிடம் அருமையாகப் பேசியவர் வயிற்றுவலிக்காரரிடம் தடுமாறலாம். ஒன்றிரண்டு பேரிடம் நடந்துகொண்டதை வைத்து ஒருவரை எடைபோட முடியாது.

அமெரிக்காவில் நோயாளியாக நடிக்கும் 12 பேரைப் பார்க்கும் இதுபோன்ற தேர்வு 2004லிருந்து மருத்துவர் உரிமத்துக்குக் கட்டாயமாக இருந்தது. கோவிட் வந்ததும் 2020ல் நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல். அங்கேயே படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எப்படியும் தேறிவிடுவார்கள். கனடாவும் அதே ஆண்டு இதே மாதிரியான தன் தேசியத் தேர்வை விட்டுவிட்டது.

நாமும் விட்டுவிடலாமே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதே கனடாவில், 1993க்கும் 1996க்கும் இடையில் அந்தத் தேர்வை எழுதி, ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் தொழில் செய்த 3,424 மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007ல் வெளிவந்தது. நோயாளியிடம் பேசும் திறனில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் மீதுதான் பின்னாளில் புகார்கள் அதிகம் வந்திருந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் புகாரின் அறிகுறி அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

தேர்வு மதிப்பெண்ணைப் பயிற்சிக் காலத்தில் மேலதிகாரிகள் தரும் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் மட்டும் தொடர்பு மிதமாகத்தான் தெரிகிறது. சரி, அந்த மதிப்பீடு எவ்வளவு துல்லியமானது? தேறாதவர்கள் வார்டுக்கே வருவதில்லை, ஆகவே தேறியவர்களுக்குள்தான் ஒப்பீடு நடக்கிறது; தொடர்பு குறைவாகத் தெரிய அதுவும் ஒரு காரணம். அதோடு, பெரிய டாக்டர் ஹவுஸ்மேனைப் பார்ப்பது ரவுண்ட்ஸ் நேரத்தில். நள்ளிரவில் ரத்தம் எடுக்கும்போது அந்த ஹவுஸ்மேன் எப்படிப் பேசுகிறார், கலங்கிப்போன மகளுக்குப் போனில் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் தாதியருக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் எழுதும் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு தேர்வைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், நான் நடிப்பது ஆங்கிலத்தில். என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். அவரை வார்டில் சேர்த்திருந்தபோது ஓர் இளம் மருத்துவர் எல்லாக் கேள்வியையும் என்னிடமே கேட்டுவிட்டுப் போனார். கட்டில் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த நாள் வந்த சீனப் பெண், தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து "வலி எங்க?" என்று கேட்டார். இரண்டு பேருமே தேர்வில் தேறியவர்கள்தான். அவர்களுக்குள் இருந்த வித்தியாசம் மதிப்பெண் தாளில் தெரிந்ததா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நம் ஊரில் இதைச் செய்வது எளிது. பள்ளிகள் மூன்றே மூன்று. புதிய மருத்துவர்கள் முதல் ஆண்டு மருத்துவ மன்றத்தின் தற்காலிகப் பதிவில் வேலை பார்த்து, திருப்திகரமாக முடித்தால்தான் அடுத்த கட்டம் என்பதால் மதிப்பீட்டு ஆவணங்களும் இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு, ஓஸ்கியில் பேச்சு, பரிசோதனை, முடிவெடுத்தல் ஆகியவற்றின் மதிப்பெண்ணைத் தனித்தனியாக எடுத்து அந்த முதல் ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். அதில் தாதியரின் கருத்தும் நோயாளிகளின் கருத்தும் இருக்கட்டும், தமிழோ மலாயோ சீனமோ மட்டும் பேசும் முதியவர்கள் உட்பட. அடுத்து பட்டம் பெறும் அணியிலிருந்தே தொடங்கலாம். எங்களைப் போல் நடிப்பவர்களின் குறிப்புகளும் பயன்படும் என்றால், தர நான் தயார்.

அன்புடன்,
நோயாளியாக நடிக்கும் ஒரு சிங்கப்பூர்த் தமிழச்சி