கேம்பேடுக்குக் கருத்து எழுதுறவங்க எந்தக் கேம்னும் சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க கணினிப் பக்கத்துல குறைஞ்ச விலை கேம்பேட் (கம்ப்யூட்டர் கேம் அடிக்க ரெண்டு கையால பிடிக்கிற பட்டன் சாமான்) பத்தி ஒரு சின்னக் குறிப்பு வந்திச்சு, அதோட கடைசி வரியில "வாடிக்கையாளர் மத்தியில் நல்ல வரவேற்பு உள்ளது"ன்னு போட்டிருந்தீங்க. அந்த ஒரு வரிய பத்தித்தான் இந்தக் கடிதம். அந்த நல்ல கருத்த யார் சொன்னாங்க, என்ன கேம் அடிச்சிட்டு சொன்னாங்க, வாங்கி எவ்வளவு நாள்ல சொன்னாங்கன்னு ஒண்ணுமே அதுல இல்ல, ஆனா பேப்பர்லயே வந்திருக்குன்னு அத நம்பி சல்லி குடுக்கிற பிள்ளைங்க எங்க பக்கம் நிறைய இருக்காங்க ஐயா.

நான் ஹட்டன் பக்கத்துல ஒரு கொமியூனிகேஷன் நடத்துறேன். போட்டோ கொப்பி, ரீலோட், அதோட கம்ப்யூட்டர் ரிப்பெயரும் பார்க்கிறேன். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ, தலவாக்கலைன்னு எல்லாப் பக்கமிருந்தும் பையங்க கேம்பேட பேக்குல போட்டு தூக்கிட்டு வருவாங்க, "அண்ணே இது வேல செய்யுதில்ல, ரிவ்யூ எல்லாம் சூப்பரா இருந்திச்சே"ன்னு நிப்பாங்க. கொழும்புல இருக்கிறவங்கன்னா பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போயி சாமான கையில எடுத்து, பட்டன அமுக்கி, பெருவிரலால நகர்த்துற ஸ்டிக்க சுத்திப் பார்த்து, பிடிச்சா வாங்கலாம் இல்லாட்டி அடுத்த கடைக்கு ஏறலாம். இங்க தோட்டத்துல இருக்கிற பையனுக்கு போன்ல ஒன்லைன் கடையில தெரியுற படமும் அதுக்குக் கீழ யாரோ எழுதின நாலு வரியும்தான். அந்த நாலு வரிய வச்சுத்தான் அவன் முடிவெடுக்கிறான். 2024-ல தோட்டத் தொழிலாளியோட ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபான்னு வர்த்தமானி வந்திச்சு, ஒரு சாதாரண கம்பி வச்ச கேம்பேட் இரண்டாயிரத்து ஐநூறு மூவாயிரம்னு போகுது, அப்போ அம்மா ரெண்டு நாள் மலைக்கு ஏறி கொழுந்து பறிச்ச காசு அது. 2022-ல டொலர் 200 ரூபால இருந்து 360 வரைக்கும் ஏறினதுக்குப் பிறகு மலிவு சாமானும் எங்களுக்கு மலிவு இல்ல.

சரி, அந்தக் கருத்துகள்ல என்னதான் எழுதுறாங்கன்னு பார்த்தா, பாதிக்கு மேல பார்சல பத்தித்தான் இருக்கு. "சீக்கிரம் வந்திச்சு, நல்லா பெக் பண்ணியிருந்தாங்க, இன்னும் பாவிச்சுப் பார்க்கல"ன்னு எழுதிட்டு ஐஞ்சு நட்சத்திரம். பாவிச்சே பார்க்காத சாமானுக்கு என்ன நட்சத்திரம்? கூரியர் பையனுக்கு நன்றி சொல்றது நல்ல விஷயம்தான், ஆனா அத கேம்பேட் கணக்குல சேர்த்துட்டா அடுத்து வாங்குறவனுக்கு அது பொய்யாப் போயிருது. இன்னும் சிலதுல கேம்பேட் படத்துக்குக் கீழ "சத்தம் நல்லா கேக்குது, பேஸ் அதிகம்"னு இயர்போன் பத்தி எழுதியிருக்கும், ஏன்னா முந்தி அந்தப் பக்கத்துல வித்த சாமான எடுத்துட்டு புதுச் சாமான போட்டுருவாங்க, பழைய நட்சத்திரம் அப்படியே நிக்கும்.

அடுத்தது ரொம்ப முக்கியம், கொஞ்சம் பொறுமையா வாசிங்க. ஒரே கேம்பேடுக்கு ஒருத்தர் "அருமை"ன்றார், இன்னொருத்தர் "ஏமாத்து வேல, கேம்ல எடுக்கவே இல்ல"ன்றார், ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்றாங்க. காரணம் என்னன்னா விண்டோஸ்ல கேம்பேட் வேல செய்ய முக்கியமா ரெண்டு முறை இருக்கு, பழசுக்குப் பேர் டைரக்ட்இன்புட், 2005-ல எக்ஸ்பொக்ஸ் 360ன்ற கேம் மெஷின் வந்த நேரத்துல மைக்ரோசொப்ட் கொண்டுவந்தது எக்ஸ்இன்புட். அதுக்குப் பிறகு வந்த கேம்கள்ல நிறைய எக்ஸ்இன்புட் கேம்பேட மட்டும்தான் கண்டுக்கும். மலிவு கேம்பேட்ல சிலது டைரக்ட்இன்புட் மட்டும், சிலதுல ரெண்டும் இருக்கும், நடுவுல இருக்கிற ஹோம் பட்டனயோ மோட் பட்டனயோ கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா அந்த முறை (மோட்) மாறும், லொஜிடெக் எஃப்310 மாதிரி சிலதுல பின் பக்கம் எக்ஸ், டின்னு ஒரு சின்ன சுவிட்ச்சே இருக்கும். பழைய புட்போல் கேமும் பிளேஸ்டேஷன் 2 கேம கம்ப்யூட்டர்ல ஓட வைக்கிற எமுலேட்டரும் அடிக்கிற பையன் டைரக்ட்இன்புட்லயே சந்தோஷமா இருப்பான், ஐஞ்சு நட்சத்திரம் போடுவான். புதுக் கேம் போட்டவனுக்கு விண்டோஸ்ல கேம்பேட் தெரியும் கேமுக்குள்ள தெரியாது, அவன் ஒரு நட்சத்திரம் போட்டுட்டு கோவத்துல அத அலுமாரியில தூக்கிப் போட்டுருவான். என் கடைக்கு வர்ற "உடைஞ்ச" கேம்பேட்ல எத்தனையோ இப்படி மோட் மாத்தினவொடனே ஓடியிருக்கு, அந்தப் பையங்களோட முகத்த நீங்க பார்க்கணும்.

மோட் மாத்துற வசதியே இல்லன்னாலும் கைவிடத் தேவையில்ல. எக்ஸ்360சிஇ (x360ce)ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அது டைரக்ட்இன்புட்ட எக்ஸ்இன்புட்டா கேமுக்குக் காட்டும், இல்லாட்டி கேம் விக்கிற ஸ்டீம் மென்பொருள் போட்டிருந்தா அதுக்குள்ளயே சாதாரண கேம்பேட செட் பண்ணிக்கலாம், ஸ்டீம்ல வாங்காத கேமையும் அதுல சேர்த்து ஓட விடலாம். இத யாராவது ஒரே ஒருத்தர் கருத்துல எழுதியிருந்தா போதும், எத்தன பேரோட காசு வீணாப் போயிருக்காது!

பிறகு ட்ரிகர். விரல் வைக்கிற அந்தப் பின் பக்கத்து ரெண்டு பட்டன். நல்லதுல எவ்வளவு அமுக்குறமோ அந்த அளவுக்குத்தான் கேம்ல எக்சிலேட்டர் போகும், மலிவுல பலதுல அது வெறும் ஒன் ஓஃப் தான், தொட்டா முழு ஸ்பீட் விட்டா சீரோ. புட்போல் அடிக்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது, கார் ரேஸ் அடிக்கிறவனுக்கு முதல் வளைவுலயே தெரிஞ்சிரும். அதனாலதான் சொல்றேன் எந்தக் கேம்னு எழுதாத கருத்தால யாருக்கும் பிரயோசனம் இல்ல.

இன்னொண்ணு எங்க மலைநாட்டுக்குன்னே உள்ள பிரச்சின. இங்க வருஷத்துல பாதி நாள் மழையும் பனிமூட்டமும், லயத்துல சுவரெல்லாம் ஈரம் கசியும், துணியே காயாது. கைக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு சில கேம்பேட்ல ரப்பர் மாதிரி ஒரு பூச்சு அடிச்சிருப்பாங்க, வாங்கின அன்னைக்கு எல்லாரும் "பிடிக்க சொகுசா இருக்கு"ன்னு எழுதுவாங்க. அந்தப் பூச்சு காத்துல இருக்கிற ஈரத்துல மெல்ல மெல்ல சிதைஞ்சு கொஞ்ச காலத்துல கையில பிசுபிசுன்னு ஒட்ட ஆரம்பிக்கும், தூசி எல்லாம் அதுலயே பிடிச்சுக்கும், ஐசோபுரொப்பைல் அல்கஹோல் போட்டுத் தேச்சு எடுக்கத்தான் வேணும். உள்ள பட்டனுக்கு அடியில இருக்கிற கொன்டக்டும் ஈரத்துல கறை பிடிக்குது, ரெண்டு தரம் அமுக்கினா ஒரு தரம்தான் எடுக்கும். வெயில் ஊர்ல இருக்கிறவர் எழுதின கருத்துல இது எப்படி வரும்? நுவரெலியாக்காரரும் ஹப்புத்தளைக்காரரும் எழுதினாத்தானே எங்களுக்குத் தெரியும்.

ஸ்டிக் தானா நகர்ற பிரச்சினையும் அப்படித்தான், முதல் நாள் தெரியாது. சாதாரண ஸ்டிக்குக்குள்ள கார்பன் தடம் ஒண்ணு இருக்கு, அதுமேல ஒரு முனை உரசி உரசித்தான் ஸ்டிக் எங்க நிக்குதுன்னு கேம்பேட் கணக்கெடுக்குது, தேய தேய நீங்க கை எடுத்த பிறகும் கேம்ல ஆள் நடந்துகிட்டே இருப்பான். கேம் செட்டிங்ல டெட்ஸோன (ஸ்டிக்கோட சின்ன அசைவ கேம் கண்டுக்காம விடுற அளவு) கூட்டி வச்சா கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனா மெதுவா அசைக்கிற நுணுக்கம் போயிரும். இப்போ கொஞ்சம் கூட விலையில காந்தத்த வச்சு வேல செய்யுற ஹோல் எஃபெக்ட் ஸ்டிக் வருது, அதுல உரசல் இல்லாததால அந்தத் தேய்மானம் இல்ல. 1998-ல வந்த சேகா ட்ரீம்காஸ்ட்ன்ற கேம் மெஷினோட கொன்ட்ரோலர்லயே இது இருந்திச்சு, இவ்வளவு காலம் கழிச்சுத்தான் மலிவு சாமானுக்கு இறங்கியிருக்கு. என் அபிப்பிராயம், வீட்டுல ரெண்டு மூணு பிள்ளைங்க மாறி மாறி அடிக்கிறதுன்னா இன்னும் ரெண்டு மாசம் பொறுத்து காசு சேர்த்து ஹோல் எஃபெக்ட் உள்ளதா வாங்குங்க. ஒரு பிள்ள லீவு நாள்ல மட்டும் அடிக்கிறதுன்னா சாதாரணமானதே போதும், கம்பி வச்சது வாங்குங்க, பெட்டரி செலவு மிச்சம். கம்பி இல்லாததுதான் வேணும்னா அந்தச் சின்ன ரிசீவர நீல நிற யூஎஸ்பி 3 துவாரத்துல குத்தாம சாதாரண யூஎஸ்பி 2 துவாரத்துல குத்துங்க, யூஎஸ்பி 3 எழுப்புற இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் சிக்னல குழப்பும், பிறகு கேம்பேட் விட்டு விட்டு எடுக்குதுன்னு ஒரு நட்சத்திரம் போடாதீங்க.

நான் பார்த்ததுலயே நல்ல கருத்து ஒண்ணு, பண்டாரவளைப் பக்கம்னு சொல்லி ஒரு தம்பி தட்டுத் தடுமாறின இங்கிலீஷ்ல எழுதியிருந்தார். பழைய லெப்டொப், விண்டோஸ் 10, புட்போல் நல்லா ஓடுது, கார் ரேசுக்கு சரிவராது, ஹோம் பட்டன அமுக்கிப் பிடிச்சா மோட் மாறும், ஐஞ்சு மாசத்துல இடது ஸ்டிக் மேல் பக்கம் கொஞ்சம் இழுக்குது, விலைக்குப் பரவால்ல, மூணு நட்சத்திரம். அவ்வளவுதான் எழுதினார். அதுக்கு மேல ஒருத்தனுக்கு என்ன வேணும்? அத பிரிண்ட் எடுத்து கடையில ஒட்டி வச்சிருக்கேன். இதயே தமிழ்ல எழுதுறதுக்கு எங்க பிள்ளைங்க கூச்சப்படுறாங்க, சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் இருக்கிறத வாசிக்கிறாங்க, தங்களோட அனுபவத்த எழுத வரும்போது "குட்"னு ஒரு சொல் போட்டுட்டு போயிர்றாங்க. தமிழ்ல எழுதுங்க தம்பி, தங்கச்சி, எழுத்துப் பிழைய யாரும் பார்க்கப் போறதில்ல, அடுத்த தோட்டத்துப் பிள்ள அத வாசிக்கும்.

பொய்க் கருத்துக்கு எதிரா மத்த நாட்டுல சட்டம் வந்திருச்சு, அமெரிக்காவுல 2024 ஒக்டோபர்ல இருந்து காசு குடுத்துப் பொய்க் கருத்து எழுத வைக்கிறது தடை, பிரிட்டன்ல 2025 ஏப்ரல்ல இருந்து. எங்க நாட்டுல 2003-ம் ஆண்டு 9-ம் இலக்கச் சட்டத்துல வந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கு, 1977-க்கு கோல் எடுக்கலாம், வாங்கி மூணு மாசத்துக்குள்ள எழுத்து மூலம் முறைப்பாடு குடுக்கலாம், பில்ல மட்டும் தொலைச்சிராதீங்க. கருத்துல ரெண்டு வார்த்த திட்டிட்டு விட்டுர்றவங்கதான் இங்க அதிகம், அப்படி விட்டுராதீங்க.

பார்சல் வந்த அன்னைக்கே ஒண்ணு செய்ங்க, திருப்பி அனுப்ப குடுக்கிற நாள் ரொம்பக் குறைவு. விண்டோஸ் பட்டனயும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, வர்ற பெட்டியில ஜொய் டொட் சிபிஎல் (joy.cpl)னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க, கேம்பேட் பேர் வரும். எக்ஸ்பொக்ஸ் 360 கொன்ட்ரோலர்னு வந்தா எக்ஸ்இன்புட்ல இருக்கு, வெறும் யூஎஸ்பி கேம்பேட்னு வந்தா பெரும்பாலும் டைரக்ட்இன்புட். புரொப்பர்ட்டீஸ் திறந்து எல்லாப் பட்டனையும் அமுக்குங்க, ட்ரிகர மெதுவா அமுக்கினா கோடு கொஞ்சம் கொஞ்சமா நகருதா இல்ல ஒரேயடியா மறு கோடிக்குப் பாயுதான்னு பாருங்க, ஸ்டிக்க விட்டா குறி நடுவுக்கு வருதான்னு பாருங்க. கருத்த அன்னைக்கு எழுத வேணாம், ரெண்டு மூணு மாசம் அடிச்சிட்டு எழுதுங்க, அவசரப்பட்டு எழுதியிருந்தா திரும்பப் போயி திருத்துங்க.

ஐயா, உங்ககிட்ட கேக்கிறது இதுதான். கணினிப் பக்கத்துல கால் பத்தி இடம் ஒதுக்கி வாசகர் பாவிச்ச சாமான பத்தி எழுத விடுங்க, ஆனா நாலு விஷயம் இல்லாம வர்றத போடாதீங்க: என்ன கம்ப்யூட்டர், என்ன கேம், எத்தன மாசம் பாவிச்சது, இப்போ என்ன நிலைமையில இருக்கு. கம்பனிக்காரங்க அனுப்புற குறிப்ப போடுறதா இருந்தா அது அவங்க சொன்னதுன்னு மேலயே போட்டுருங்க. என் கடைக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட எழுதச் சொல்லி ஏற்கனவே சொல்லிட்டேன், சில பேர் கொப்பித் தாள்ல எழுதிக் குடுத்துட்டாங்க, இந்தக் கடிதத்தோட சேர்த்து அதையும் அனுப்புறேன். எதப் போடுறீங்கன்னு தெரிஞ்சா அந்த வாரம் கடையில கூட நாலு பேப்பர் எடுத்து வைப்பேன்.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் நடத்தும் வாசகர்,
ஹட்டன்.