நாஷ்வில் கிறிஸ்டியன் மியூசிக் கம்பெனிகளுக்கும் ரேடியோக்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான பெரியவங்களுக்கு ஸ்தோத்திரம்.

உங்க அமெரிக்காவோட கிறிஸ்டியன் ராப்பை இங்க ஃபோன்ல கேக்கிற ஒரு சாதாரண ஆளு நான், உங்க ராயல்டி கணக்குல எனக்கு ஒரு பைசா சம்பந்தம் கிடையாது. ஆனா ராப் பாடுற பசங்க கிட்ட நீங்க காண்ட்ராக்ட் நீட்டுறப்போ, அவங்க இந்த இடத்துக்கு வந்த கதையை கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கணும்.

1985லயே ஸ்டீபன் வைலி 'பைபிள் பிரேக்'னு கிறிஸ்டியன் ராப் ஆல்பம் போட்டாச்சு. அப்புறம் எத்தனை வருஷம் இது யூத் மீட்டிங்ல மட்டும் ஓடுற ஐட்டமாவே கிடந்துச்சு! ஃபிலடெல்ஃபியா கிராஸ் மூவ்மென்ட்னு ஒரு ராப் குழு ஆளுங்க சொந்தமா லேபிள் (பாட்டு வெளியிடுற கம்பெனி) போட்டாங்க, 2004ல ராப்பர் லெக்ரேயும் பென் வாஷரும் ரீச் ரெக்கார்ட்ஸ் ஆரம்பிச்சாங்க, போர்ட்லாண்ட்ல ஹம்பிள் பீஸ்ட்னு ஒரு லேபிள் ஆல்பத்தையே சும்மா டவுன்லோடு பண்ணிக்கோங்கன்னு குடுத்துச்சு. 2012ல லெக்ரே 'சர்ச் க்ளோத்ஸ்' மிக்ஸ்டேப்பை ஃப்ரீயா விட்டாரு, அதைக் கேட்டவன்ல பாதிப் பேரு சர்ச் பக்கமே போகாதவனா இருப்பான்னு நினைக்கிறேன். 2014 செப்டம்பர்ல அவரோட 'அனாமலி' ஆல்பம் அமெரிக்காவோட முக்கிய ஆல்பம் ரேங்க் லிஸ்ட்டான பில்போர்ட் 200லயும் காஸ்பல் (கிறிஸ்தவப் பாட்டு) சார்ட்லயும் ஒரே நேரத்துல நம்பர் 1, அதுக்கு முன்னாடி எந்த ஆல்பமும் அப்படி வந்ததில்ல. அந்த டிசம்பர்ல தான் பில்போர்ட் 1500 ஸ்ட்ரீமை ஒரு ஆல்பம் வித்த மாதிரி எண்ண ஆரம்பிச்சது, அதனால 'அனாமலி'க்கு வந்த இடம் ஜனங்க காசு குடுத்து வாங்கி வந்த இடம்.

உங்க கடைங்க என்ன பண்ணுச்சுன்னும் பாக்கணும்ல. ராப்பர் ஷோ பராக்கா 2016ல 'த நெரேட்டிவ்' போட்டாரு, அருமையான ஆல்பம், கறுப்பின மக்களோட வரலாறு, விசுவாசம், கோபம் எல்லாம் கலந்து. அதுல தன் பழைய வாழ்க்கையைத் தானே திட்டிக்கிற ஒரு வரி, ஆணுறுப்போட பேரு வருது, பயாலஜி புக்ல இருக்கிற பேரு தான், கெட்ட வார்த்தை கூட இல்ல. கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்துச்சாம், லைஃப்வேன்ற கிறிஸ்தவப் புத்தகக் கடைங்க ஆல்பத்தையே ஷெல்ஃப்ல இருந்து எடுத்துட்டாங்க. பாவ அறிக்கைக்கு சென்சார் (தாவீது இன்னைக்கு தன் பாவத்தை அறிக்கை பண்ற சங்கீதம் 51 எழுதிட்டு வந்தா கூட ரிட்டர்ன் பண்ணுவாங்க போல). 2019ல அந்த லைஃப்வே தன்னோட 170 கடையையும் மூடப்போறோம்னு அறிவிச்சாச்சு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஃபேமிலி கிறிஸ்டியன் ஸ்டோர்ஸ்ன்ற இன்னொரு கடைக் கம்பெனியும் மொத்தமா மூடியாச்சு. எந்தப் பாட்டு உள்ள வரணும்னு கடைங்க காவல் காத்த வாசக்கதவையே ஸ்ட்ரீமிங் வந்து கழட்டிட்டுப் போயிடுச்சு.

அதுக்காக ஸ்ட்ரீமிங்கை புண்ணியவான்னு சொல்ல வரல. 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீம் தொடலைன்னா அதுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. பெட்ரூம்ல மைக் வச்சு பாடுற பையனுக்கு அது பெரிய அடி, அதான் நீங்க அட்வான்ஸ் (பின்னாடி வர்ற வருமானத்துல கழிச்சுக்கிற முன்பணம்)னு சொன்னதும் அவன் மனசு ஆடும்.

எனக்கு உங்ககிட்ட கேக்க இருக்கிறது இதான். கேக்கிற கூட்டத்தை ராப் பாடுறவங்களே சேத்துட்டாங்க, அதனால மாஸ்டரை (மூல ரெக்கார்டிங் உரிமையை) காலத்துக்கும் எழுதி வாங்காதீங்க, குறிப்பிட்ட காலத்துக்கு லைசென்ஸா எடுங்க, இத்தனை வருஷத்துல திரும்ப அவங்க கைக்கே வரும்னு போடுங்க. ரேடியோல நாள் பூரா ஒரே மாதிரி கிட்டார் ஆராதனை ஓடுது, அதுல சாயந்திரம் ஒரு மணி நேரம் ராப்புக்கு ஒதுக்குனா ஆடியன்ஸ் ஓடிட மாட்டாங்க. அட்வான்ஸ் எதுல இருந்து கழியும், வீடியோ செலவு யார் தலைல விழும்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க. சர்ச்ல வளந்த 19 வயசுப் பையன் இதை ஊழியம்னு நம்பி படிக்காமலே கையெழுத்து போட்டுடுவான், கூட ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, ஃபீஸ் நீங்க குடுங்க.

இப்படிக்கு,
தூரத்துல இருந்து கேக்கிற ஒரு விசுவாசி